கோதுமையை நிறுத்தியும் ரத்தசோகை தீராதது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 34. எட்டு மாதங்களுக்கு முன்பு ரத்தப் பரிசோதனையிலும் சிறுகுடல் திசு ஆய்விலும் செலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சிதையும் நோய்) உறுதியானது. அன்றிலிருந்து கோதுமை உணவைத் தொடுவதில்லை. வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. ஆனால், அண்மையில் எடுத்த பரிசோதனையில், இந்நோயைக் காட்டும் டிடிஜி என்ற ரத்த எதிர்ப்பொருளின் அளவு பாதிக்கு மேல் குறைந்திருந்தாலும் இயல்பு நிலைக்கு வரவில்லை; ரத்தசோகையும் தீரவில்லை. வீட்டில் கணவரும் ஆறு வயது மகளும் கோதுமை உண்கிறார்கள். தனிச் சமையலறை தேவையா? மகளுக்கும் கோதுமையை நிறுத்திவிடலாமா?

பதில்: எட்டு மாதங்களில் எதிர்ப்பொருள் பாதிக்கு மேல் குறைந்திருப்பது நல்ல செய்திதான். தொடக்க அளவு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு அது இயல்புக்குத் திரும்ப ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். சிதைந்த குடலுறிஞ்சிகள் (சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள்) முழுமையாக வளர்வதற்குப் பெரியவர்களுக்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ பிடிப்பதுண்டு. இரும்புச்சத்து பெருமளவில் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். செலியாக் நோய் முதலில் தாக்குவதும் அதே இடத்தைத்தான். ஆகவே ரத்தசோகை மெதுவாகத் தீர்வதில் வியப்பில்லை. ஆனாலும் இயல்புக்கு வராத எதிர்ப்பொருளும் தீராத ரத்தசோகையும் சேர்ந்து நிற்கும்போது, அறியாமல் சிறிதளவு குளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உணவுமுறை பலன் தராததற்கு மிகப் பொதுவான காரணம் அதுவே.

வயிற்றுப்போக்கு நின்றுவிட்டதை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். குடல் வீங்கிச் சிதைந்துகொண்டிருக்கும்போதே எந்தத் தொந்தரவும் உணராதவர்கள் உண்டு. 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், கட்டுப்பாட்டு உணவில் இருந்த செலியாக் நோயாளிகளுக்கு மூன்று மாதங்கள் நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் கொடுத்தபோது குடலுறிஞ்சிகள் பாதிக்கப்பட்டன. ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. அப்படியானால் 50 மில்லிகிராம் என்பது அத்துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது தட்டில் சிந்திக் கிடக்கும் துகள்களின் அளவு. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதிப்பு ஏற்படுவதில்லை. ‘குளூட்டன் இல்லாதது’ என்று முத்திரையிட, கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற உச்சவரம்பைச் சர்வதேச உணவுத் தர நெறியான கோடெக்ஸ் வகுத்திருக்கிறது. அத்தகைய உணவை நாளுக்கு அரை கிலோ உண்டாலும் 10 மில்லிகிராமைத் தாண்டாது என்பதால், அந்த முத்திரையை நீங்கள் நம்பலாம்.

இனி சமையலறை. தனிச் சமையலறை தேவையில்லை. சில பொருள்களைத் தனியாக்கினால் போதும். வெண்ணெய்ப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ரொட்டியில் தடவிய கத்தியையே மறுபடி உள்ளே விட்டிருந்தால், வெண்ணெயின் மேல் பழுப்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். ஜாமுக்கும் இதே கதிதான். இவை உங்களுக்கெனத் தனியாக, பெயர் எழுதி வைக்கப்பட வேண்டும். மாவுச் சல்லடை, ரொட்டி சுடும் டோஸ்டர், வெட்டுத் தழும்புகள் விழுந்த மரப்பலகை ஆகியவற்றை எவ்வளவு கழுவினாலும் துகள்கள் இடுக்கில் தங்கிவிடும் என்பதால் இவற்றையும் பகிர்ந்துகொள்ளாதீர்கள். மாறாக, உலோகப் பாத்திரங்களையும் தட்டுகளையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினாலே போதும். சூடு எல்லாவற்றையும் அழித்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கொதிக்கும் எண்ணெயும் குளூட்டனை அழிப்பதில்லை. எனவே கோதுமை மாவுப் பண்டம் பொரித்த எண்ணெயில் உங்களுக்கு எதையும் பொரிக்கக் கூடாது. காய்ந்த மாவைச் சலிக்கும்போது அது காற்றில் பறந்து படியும். அந்த வேலை நடக்கையில் உங்கள் உணவு மூடியிருக்கட்டும்.

கடையில் வாங்கும் பொருள்களில் கோதுமையை மட்டும் தேடுவது போதாது. பார்லியிலும் ரை தானியத்திலும் குளூட்டன் உண்டு. ‘கோதுமை இல்லாதது’ என்று எழுதிய பொருளில் பார்லி மால்ட் (முளைகட்டிய பார்லி) இருக்கலாம். மக்காச்சோள அவல் போன்ற காலை உணவுகளிலும் சத்துப் பானங்களிலும் சுவைக்காக மால்ட் சேர்ப்பது வழக்கம். சோயா சாஸ் பலவற்றில் கோதுமை சேர்கிறது. இயல்பில் குளூட்டன் இல்லாத தானியமாக இருந்தாலும், கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரைத்த மாவு உங்களுக்கு ஆகாது. நான் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது இந்த மாவைப் பற்றித்தான். கலப்பில்லாத ஓட்ஸ் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும் என்றாலும், எதிர்ப்பொருள் இயல்பு நிலைக்கு வரும்வரை அதைத் தள்ளிவையுங்கள். முகப்பூச்சு, ஷாம்பு குறித்துக் கவலை வேண்டாம். குளூட்டன் தோல் வழியே உடலுக்குள் செல்வதில்லை. உதட்டுச் சாயம் வாய்க்குள் போகக்கூடியது என்பதால் அதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ரத்தசோகைக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்), ஃபோலேட், வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றின் அளவுகளைப் பார்த்து, குறைவதை மருத்துவர் மாத்திரையாலோ, இரும்புச்சத்து மாத்திரை பலன் தராவிட்டால் ரத்தநாளம் வழியாகவோ ஈடுசெய்வார். எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றியும் அவரிடம் கேளுங்கள். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமாக இருந்தால் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். எல்லாப் பழியையும் குடலின்மீதே போடுவதால் அந்தக் காரணம் தப்பிவிடுகிறது. மேற்சொன்ன திருத்தங்களைச் செய்து, நோய் உறுதியான நாளிலிருந்து ஓராண்டு முடியும்போது டிடிஜி பரிசோதனையை முடிந்தவரை அதே ஆய்வகத்தில் மீண்டும் எடுங்கள். அப்போதும் இறங்காவிட்டால், உணவியல் நிபுணரிடம் உங்கள் அன்றாட உணவை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டுவதும், தேவைப்பட்டால் மறுபடி திசு ஆய்வு செய்வதும் அடுத்த படி.

மகளுக்குக் கோதுமையை இப்போது நிறுத்தாதீர்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய நெருங்கிய ரத்த உறவினரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்க வாய்ப்புண்டு என்பதால் அவளைப் பரிசோதிப்பது அவசியம். குளூட்டனை உண்டுகொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தப் பரிசோதனை நம்பத்தக்கது. முன்னரே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். டிடிஜியுடன், ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஜிஏ இயல்பிலேயே குறைவான குழந்தைகளிடம் ஐஜிஏ வகை டிடிஜியை மட்டும் பார்த்தால் நோய் தவறிவிடும். முடிவு இயல்பாக வந்தாலும் பிற்காலத்தில் நோய் தோன்றக்கூடும் என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வளர்ச்சி தடைபட்டாலோ ரத்தசோகை வந்தாலோ உடனேயும் மறுபடி பார்க்க வேண்டும். டிகியூ2, டிகியூ8 என்ற மரபுக்கூறுகள் இரண்டுமே அவளிடம் இல்லை என்று மரபணுப் பரிசோதனை காட்டினால், இந்தத் தொடர் பரிசோதனை ஏறக்குறைய தேவையற்றதாகிவிடும்.