185, 195 ஆசையும் ரிம்மின் அகலமும்: சில கேள்விகள், பதில்கள்

டயர் மாற்றும் நேரம் வந்தாலே நம்மவர்களுக்கு ஒரு ஆசை வந்துவிடும், ‘கொஞ்சம் அகலமா போட்டா என்ன?’ இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி அதுதான்.

ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். இரும்பு டிஸ்க் (டயர் உட்காரும் ரிம்), உள்பக்கம் 5J x 14 என்று அடித்திருக்கிறது. கம்பெனி டயர் 165/80. கடையில் 195/65 போடலாம், நன்றாக உட்காரும் என்கிறார்கள்.

உட்காரும். பம்ப்பில் காற்று ஏற்றினால் கொஞ்சம் அளவு தப்பிய டயரும் உட்காரத்தான் செய்யும், வம்பே அங்கேதான். 5J-யில் 5 என்பது ரிம்மின் இரண்டு உதடுகளுக்கும் நடுவில் உள்ள அகலம், அங்குலக் கணக்கில். J அந்த உதட்டின் வடிவம், அதை விடுங்கள். டயரில் 165 என்பது அகலம், மில்லிமீட்டரில்; 80 என்பது டயரின் பக்கச் சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. உங்கள் 165 மில்லிமீட்டர் டயர் ஆறரை அங்குலம், அதாவது ரிம் அகலம் டயர் அகலத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். சாதாரணக் கார்களுக்கு ஏறக்குறைய இந்த முக்கால் கணக்கில்தான் அளவு வைக்கிறார்கள். 195 என்பது ஏழே முக்கால் அங்குலத்தைத் தொடும், உங்கள் ரிம்மோ அதில் மூன்றில் இரண்டு பங்கு கூட இல்லை. அடி குறுகி வயிறு பெருத்து சொம்பு மாதிரி நிற்கும். வளைவில் சைடுவால் (பக்கச் சுவர்) ஆடும், ரோட்டில் படும் பரப்பின் நடுப் பட்டன் மட்டும் சீக்கிரம் தேயும். 195/65-க்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலமே ஐந்தரையில் தொடங்கி ஏழு வரைதான்.

ஆசை விடவில்லை என்றால் 185/70 R14 (14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்) போடுங்கள், அதற்கு நாலரை முதல் ஆறு அங்குலம் வரை ரிம் பொருந்தும். மொத்த விட்டத்தையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம்: 165/80 R14-க்கு சுமார் 620 மில்லிமீட்டர், 185/70-க்கு 615. ஒரு சதவீத வித்தியாசம் கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. அகலத்தை மட்டும் மாற்றி 80-ஐ அப்படியே விட்டு 185/80 என்று யாராவது தலையில் கட்டினால் விட்டம் 652-க்குப் போய்விடும், அப்புறம் மீட்டரில் 100 காட்டும்போது வண்டி நிஜத்தில் 105-க்குப் பக்கத்தில் ஓடும். உள் ஃபெண்டரிலும் உரசலாம்.

அதே ஸ்விஃப்ட்டின் டாப் மாடலில் 185/65 R15 வருகிறதே, அதைப் போடலாமா?

தாராளமாக. விட்டம் 621.5, கிட்டத்தட்ட பழைய அளவேதான், டிஸ்க்குகளை மட்டும் 15 அங்குலத்துக்கு மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால் உங்கள் காரின் டாப் மாடல் அளவுதான் முதலில் பார்க்க வேண்டியது, கம்பெனிக்காரனே சோதித்துப் பார்த்து விற்பது. டிரைவர் கதவுப் பக்கத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், காற்று அளவும் அங்கேயே இருக்கும். ஸ்டெப்னி மட்டும் பழைய 14-ஆகவே இருக்கும். விட்டம் ஒன்றுதான் என்பதால் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

செகண்ட் ஹாண்டில் 15 அங்குல அலாய் மலிவாகக் கிடைத்தது, 7J. 185/65 டயரை இதில் ஏற்றலாமா?

இது முதல் கேள்வியின் மறுபக்கம். 185/65-க்கு ஐந்து முதல் ஆறரை வரைதான். ஏழில் ஏற்றினால் டயர் இழுபட்டு, ரிம் உதடு வெளியே தெரிய நிற்கும், ஒரு பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக அலாயில். எங்கள் கடைக்கு இப்படி வந்த ஒரு வண்டியில் நான்கில் இரண்டு அலாய் கோணலாகியிருந்தது, வாங்கி நாற்பது நாள் கூட ஆகவில்லை. 195/60 R15-க்கு ஏழு அங்குலம் கடைசி எல்லை, ஏற்றலாம், ஆனால் அலாயின் ஆஃப்செட்டும் (ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு) பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் ஃபெண்டரை விட்டு வெளியே துருத்தும். மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் புரிகிறதா?

ஆல்டோ 800, 145/80 R12. அகலமாக என்ன போடலாம்?

ஒன்றும் போடாதீர்கள். எடை குறைந்த வண்டி, 145 அதற்குப் போதும். அகலம் கூடினால் ஸ்டீரிங் கனக்கும், மைலேஜ் குறையும். அந்தப் பணத்தில் நல்ல பிராண்டில் அதே அளவு வாங்குங்கள், சைடுவாலில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம் செய்தது.

அகல டயர் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்களே?

காய்ந்த ரோட்டில் பிடிப்பு கூடலாம். தேங்கிய நீரில் கதை வேறு, அதே எடை அகலமான பரப்பில் பரவுவதால் டயர் தண்ணீரைக் கிழித்து இறங்காமல் மேலே மிதக்கப் பார்க்கும். அதிலும் பள்ளம் தேய்ந்த அகல டயர் என்றால் கேட்கவே வேண்டாம். டயர் பள்ளத்தின் ஆழத்துக்கு 1.6 மில்லிமீட்டர் சட்ட எல்லை, மழைக்காலத்துக்கு அதை நம்பாதீர்கள், மூன்று வந்ததும் மாற்றிவிடுவேன் நான்.

185/65 R15-ல் 88H என்று இருக்கிறது. குறைந்த விலையில் 84 கிடைக்கிறது, வாங்கலாமா?

88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500. H வேக எல்லைக்கான எழுத்து. வண்டியோடு வந்த டயரின் எண்ணை விடக் குறைவாக எதையும் வாங்காதீர்கள். கூடுதலாக இருந்தால் பாதகமில்லை.

முன்னால் மட்டும் இரண்டு அகலமாகப் போடலாமா, பட்ஜெட் இல்லை.

வேண்டாம். பழைய அளவிலேயே இரண்டு வாங்கிப் பின்னால் போடுங்கள், இருப்பதில் நல்லதை முன்னால் மாற்றுங்கள். புதுசு பின்னாலா என்று எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள், ஈர ரோட்டில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரளவு சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும்.