ஆங்கிலத்தில் ஹேவ், டூ எல்லாம் எப்போது துணை வினை, எப்போது முதன்மை வினை? எப்படிக் கண்டுபிடிப்பது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. 'ஆம்' (am), 'இஸ்', 'ஆர்' தொடங்கி யூஸ்டு டு வரை 24 துணை வினைகள் கொண்ட பட்டியலைக் கையில் கொடுத்திருப்பார்கள். அதை மனப்பாடம் செய்தால் இந்தச் சந்தேகம் தீராது. பீ (ஆம், இஸ், ஆர் எல்லாம் இதன் வடிவங்கள்தான்), ஹேவ், டூ மூன்றும் இரண்டு வேலையும் பார்க்கும். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

கோத்தகிரி பக்கம் எஸ்டேட் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "வாட் டூ யூ டூ? இதுல எதுக்கு மிஸ் ரெண்டு டூ?" என்று கேட்டாள். போர்டில் இரண்டு தமிழ் வாக்கியம் எழுதினேன்.

அம்மா லைன் வீட்டுல இருக்காங்க.
அம்மா கொழுந்து பறிச்சிட்டு இருக்காங்க.

முதலாவதில் இருப்பதுதான் செய்தி. இரண்டாவதில் பறிப்பது செய்தி. 'இருக்காங்க' என்பது வேலை இன்னும் நடக்கிறது என்று காட்ட வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ முதல் டூ கேள்விக்கு வந்தது, கடைசி டூதான் வேலை" என்று அவளே சொன்னாள். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தமிழில் பின்னால் ஒட்டுகிற துணை வினை ஆங்கிலத்தில் முன்னால் நிற்கிறது.

உங்களுக்கு ஒரு வழி: வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றுங்கள். 'ஷி ஹேஸ் ஃபினிஷ்டு' என்பது 'ஹேஸ் ஷி ஃபினிஷ்டு?' ஆகும். ஹேஸ் தானே முன்னால் வந்தால் துணை வினை. 'ஷி ஹேஸ் எ பேக்' என்பதற்கு 'டஸ் ஷி ஹேவ் எ பேக்?' என்று டஸ்ஸைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அங்கே ஹேவ் முதன்மை வினை. பீ மட்டும் விதிவிலக்கு. 'ஷி இஸ் எ நர்ஸ்' என்பதில் இஸ் முதன்மை வினைதான், ஆனாலும் 'இஸ் ஷி எ நர்ஸ்?' என்று முன்னால் வந்துவிடும். அதற்குப் பின்னால் வேறு வினை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்: இருந்தால் துணை வினை, இல்லாவிட்டால் முதன்மை வினை.

'இலக்கணம் எதற்கு, பேசினால் தானாக வரும்' என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இருப்பவர்களுக்கு வரும். எங்கள் பிள்ளைகள் யாரிடம் பேசுவது?

அவர்கள் டியூஷனுக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வந்த பிறகும் சீசனில் நெரிசல் குறையவில்லை. ஊட்டியிலிருந்து இறங்குகிற வண்டிகளையெல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுகிறார்கள், சாயங்கால பஸ் எங்கேயோ மாட்டிக்கொள்கிறது. ஊர்க்காரர்களின் பஸ்ஸுக்கு முதலில் வழி விடச் சொல்ல இங்கே யாருக்கும் தோன்றவில்லை.