நட்டாச்சு, அப்புறம்? – பினாங்கு மரக் கேள்விகள்

ஏப்ரல் 22, பூமி தினம் நெருங்கினால் பினாங்கில் மண்வெட்டிக்குத் திடீர் கிராக்கி வந்துவிடும். தாமான் (குடியிருப்புப் பகுதி), கோவில், தமிழ்ப்பள்ளி என்று ஆளாளுக்கு மரம் நடக் கிளம்பிவிடுவார்கள். இந்த வாரம் வந்த கேள்விகளும் அதைப் பற்றியே.

எங்கள் அடுக்குமாடியில் பூமி தினத்தன்று 40 கன்று நடப் போகிறோம். ஏப்ரல் சரியான மாதமா? (பிறை)

நல்ல மாதம்தான். ஏப்ரல், மே இரண்டிலும் இங்கே சாயங்கால இடிமழை கிடைக்கும், வேர் பிடிக்கத் தோது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பெருமழை. சோதனை வருவது ஜனவரி, பிப்ரவரியில். வானம் கையை விரிக்கும் மாதங்கள் அவை. அதுவரை தப்பித்த கன்றுகூட அப்போது காய்ந்து போகும்.

அதனால் நிலத்தைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள். ஜனவரியில் வாளி தூக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவருக்கு இரண்டு கன்று. ஐந்து பேர்தான் தேறுவார்கள் என்றால் பத்தோடு நிறுத்துங்கள். மழையில்லாத வாரத்தில் கன்றுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாளி, மெதுவாக. தினமும் ஒரு குவளை தெளித்தால் மேல்மண்தான் நனையும், வேரும் மேலேயே நிற்கும். முதல் இரண்டு வருடமாவது இப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்பது பூமி தினத்தில் மட்டும் பலிப்பதில்லை. வைத்தவர்கள் பேனரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அண்ணே, எங்கள் ஃபிளாட் கடலுக்குப் பக்கம், எப்போதும் உப்புக்காற்று. டெக்கோமா வைக்கலாமா? பூத்தால் என்ன அழகு! (ஜெலுத்தோங்)

டெக்கோமா பூக்கிற வாரம் யாருக்குத்தான் ஆசை வராது! ஆனால் வறண்ட நாள்களுக்குப் பிறகு கொஞ்ச நாள் பூத்துக் கொட்டிவிடும், அவ்வளவுதான். கடலோரத்துக்கு என் ஓட்டு புன்னைக்கு. நர்சரியில் பெனாகா லாவுட் என்று கேளுங்கள். ஜார்ஜ்டவுன் இருக்கும் முனைக்கே ஒரு காலத்தில் தஞ்சோங் பெனாகா என்று பெயர், அந்த அளவுக்கு இந்த மண்ணின் மரம். உப்பையும் மணலையும் தாங்கும். தடித்த பளபளப்பான இலை, வாசனையான வெள்ளைப் பூ. வளர்ச்சி மட்டும் நிதானம், அவசரக்காரர்களுக்குச் சரிப்படாது. இடம் குறைவு என்றால் மகிழம் வையுங்கள், மலாய்க்காரர்கள் புங்கா தஞ்சோங் என்பார்கள். தூங்குமூஞ்சி மரம் வேண்டவே வேண்டாம். அதன் குடை 30 மீட்டர்கூட விரியும், ஃபிளாட் வாசல் தாங்காது.

போன வருடம் பள்ளியில் நட்ட கன்றுகள் சாகவும் இல்லை, வளரவும் இல்லை. என்ன உரம் போடலாம்? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்)

உரப் பையை ஓரமாக வையுங்கள் டீச்சர். முதலில் கன்றின் அடியில் உட்கார்ந்து பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் லேசாக அகன்று வேராகப் பிரிவது தெரிய வேண்டும். கம்பு செருகியதுபோல் நேராக உள்ளே போனால், ஆழமாகப் புதைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். விரலால் மண்ணை விலக்குங்கள். கறுப்பாக பாலிபேக் விளிம்பு தட்டுப்படுகிறதா? பையோடு நட்டால் வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றி, பெருத்ததும் தன் தண்டையே நெரிக்கும். ஒரு வருடக் கன்றுதானே, மழை மாதத்தில் தோண்டியெடுத்து, பையைக் கிழித்து, சுற்றிய வேரை நறுக்கி, திரும்ப நடலாம்.

அப்புறம் முட்டுக்கம்பில் கட்டிய கயிறு. பட்டையில் பதிந்திருந்தால் இன்றே அறுத்துவிடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் முட்டு வேண்டாம். காற்றில் ஆடினால்தான் தண்டு கெட்டிப்படும்.

என் சந்தேகம் பெரும்பாலும் புல் வெட்டும் மெஷின் மேல்தான். அடித்தண்டில் ஒரு சாண் உயரத்துக்குள் பட்டை உரிந்து வடு வடுவாக இருக்கிறதா பாருங்கள். மெஷினில் சுழலும் நைலான் நரம்பு செய்கிற வேலை அது. இலை செய்த சர்க்கரை உட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் அறுந்துவிட்டால் எந்த உரமும் காப்பாற்றாது. கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு, காய்ந்த இலையை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். மெஷின்காரருக்கு அங்கே வேலையே இருக்காது.

காய்ந்த இலையைப் போட்டால் ஏடிஸ் கொசு வரும் என்று கீழ்வீட்டு ஆன்ட்டி சண்டைக்கு வருகிறார். (ஆயிர் ஈத்தாம்)

தண்ணீர் தேங்காத இலையில் கொசு முட்டையிடாது. ஆனால் ஆன்ட்டியின் கவலை வீண் இல்லை. முட்டுக்கொடுத்த மூங்கிலின் மேல் நுனியைப் பாருங்கள், குழாய்போல் திறந்து தண்ணீர் நிற்கும். மணல் போட்டு அடைத்துவிடுங்கள். லார்வா (கொசுப்புழு) கிடைத்தால் அபராதம்.

கோவில் மதிலோரம் அரசும் வேம்பும் சேர்த்து நட ஆசை. (பட்டர்வொர்த்)

வேம்புக்குத் தண்ணீர் தேங்காத மேடு போதும். அரசை மதிலிலிருந்தும் கால்வாயிலிருந்தும் பத்து மீட்டராவது தள்ளி வையுங்கள். இடம் இல்லையா, வேம்பும் வில்வமும் போதும், சாமி கோவித்துக்கொள்ளாது. கோபுரத்தில் முளைக்கும் அரசங்கன்றை விரல் நீளத்திலேயே வேரோடு பிடுங்குங்கள். மேலே கிள்ளினால் மறுபடி தழைக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் அவர் நிலத்துப் பெரிய மரத்தை வெட்டப் போகிறார். தடுக்க முடியுமா? (பாயான் லெப்பாஸ்)

1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 35எச் பிரிவு இருக்கிறது. தண்டின் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டினால் மாநகர் மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்து தருகிற மரத்துக்கும் விலக்கு உண்டு. (கோலாலம்பூருக்குத் தனிச் சட்டம்.) புகார் எழுதும் முன் அவரோடு ஒரு தே தாரேக் குடித்துப் பாருங்கள். பாதி நேரம் சிக்கல் கால்வாயை அடைக்கிற இலையாகத்தான் இருக்கும், கிளையைக் கழித்தால் தீர்ந்துவிடும்.

பொது இடத்தில் கறிவேப்பிலை, முருங்கை வைத்தால் ஆளாளுக்குப் பறித்துவிடுவார்களே? (பிறை)

பறிக்கட்டுமே! ரசத்துக்குக் கறிவேப்பிலை கிள்ள வருகிறவர் செடி வாடினால் தானாகத் தண்ணீர் ஊற்றுவார், யாரும் டூட்டி போட வேண்டாம். முருங்கையை மட்டும் கார் நிறுத்தும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். காற்றடித்தால் முதலில் முறிவது அதன் கிளைதான்.