பதில்: தம்பி மேல் மட்டும் கொலை முயற்சி வழக்கு

குடியாத்தம் கடைத்தெருக் கைகலப்பில் இரு தரப்புக்கும் அடி. உங்கள் தம்பி வேலூர் தொரப்பாடி சிறையில், எதிராளி மீது வழக்கே இல்லை என்கிறீர்கள். கோபம் நியாயம்தான் அம்மா. ஆனால் ஆட்சியர் அலுவலக வாசலில் மறியல் வேண்டாம். அதற்கும் ஒரு வழக்கு போடுவார்கள்.

கொலை முயற்சிக்கான பாரதிய நியாய சன்ஹிதா 109ஆம் பிரிவுக்குக் கொல்லும் நோக்கமோ, சாவு நேரலாம் என்ற அறிவோ இருந்திருக்க வேண்டும். எதிராளியின் காயச் சான்றில் 'முழங்கைச் சிராய்ப்பு, சாதாரணக் காயம்' என்று இருந்தால் ஜாமீன் மனுவில் முதல் வரியாக அதை எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் புகாரை நிலையத்தில் வாங்காவிட்டால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் அசையவில்லையா? போலீஸ் விசாரிக்க உத்தரவிடக் கேட்டு, பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட்டிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற நடைமுறைச் சட்டம்) 175(3) பிரிவில் மனு. வழக்கு, எதிர் வழக்கு இரண்டையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுக் காவல் நிலையாணையே சொல்கிறது. (நிலையத்தில் இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.)

ரிமாண்டு ஆன நாளையும் சேர்த்து எண்ணுங்கள். 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. மறுநாள் காலையிலேயே மனு போட வேண்டும். அசந்தால் போலீஸார் குற்றப்பத்திரிகையோடு முந்திக்கொள்வார்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது.