உப்புத் தண்ணீரில் மிதக்கும் பகடை

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாக நண்பர்களுடன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டை ஆடுகிறேன். ஆன்லைனில் வாங்கிய ரெசின் பகடை செட், உள்ளே பூவெல்லாம் வைத்து அழகாக இருக்கும். ஆனால் டி20, அதாவது இருபது முகப் பகடை, எனக்கு எப்போதும் ஒன்றும் இரண்டுமாகவே விழுகிறது. உப்புத் தண்ணீரில் போட்டுப் பார் என்றான் ஒரு நண்பன். எத்தனை முறை தட்டிவிட்டாலும் 4தான் மேலே வருகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா? நல்ல பகடையை எப்படிப் பார்த்து வாங்குவது?

க., கோவை

அன்புள்ள க.,

தண்ணீர் 4 என்கிறது, உங்கள் புகாரோ 1, 2 பற்றி. இரண்டும் ஒத்துப்போகவில்லையே! வழக்கமான டி20-இல் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 21. ஒன்றுக்கு நேர் எதிரே 20. அந்த இருபதை ஒட்டியே 2 இருக்கும். அதாவது 1-உம் 2-உம் கிட்டத்தட்ட எதிர்ப் பக்கங்கள். ஒரு பக்கம் கனத்த பகடை இரண்டையும் சேர்த்து அள்ளித் தராது. நினைவில் தங்குவது அந்த 1 மட்டும்தான். தாயம் ஆடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான், கட்டையைத் திட்டாத ஆளைப் பார்த்ததில்லை.

உப்புத் தண்ணீர் சோதனை பொய்யில்லை. உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் அந்தப் பக்கம் மேலே வரும். பூ வைத்து வார்த்த ரெசினில் குமிழி மாட்டிக்கொள்வது சகஜம். ஆனால் தண்ணீரில் பகடையைத் தடுக்க எதுவும் இல்லை, துளி எடை வித்தியாசம்கூட அதைத் திருப்பிவிடும். மேஜையில் அது மோதி, உருண்டு, தட்டையான முகத்தில் நின்றுவிடுகிறது. தண்ணீரில் தோற்றது மேஜையிலும் தோற்கும் என்று சொல்ல முடியாது.

1894-இல் வெல்டன் என்ற இங்கிலாந்து விலங்கியலாளர் 12 சாதாரணப் பகடைகளை 26,306 முறை வீசிக் கணக்கெடுத்தார். 5 அல்லது 6 விழுந்தது 33.77 சதவீதம், விழ வேண்டியது 33.33. புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், எதிர்பார்த்த கணக்குக்கும் கிடைத்த கணக்குக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனையை 1900-இல் அறிமுகப்படுத்தியபோது இந்தத் தரவையும் எடுத்துக்கொண்டார். குழி அதிகமுள்ள முகம் லேசானது, அதனால் மேலே வருகிறது என்பது வழக்கமான விளக்கம். மொத்தம் மூன்று லட்சத்துச் சொச்சம் பகடை வீச்சு! வாரம் முப்பது முறை உருட்டுகிறவருக்கு அந்த எண்ணிக்கையைத் தொட இருநூறு வருடம் ஆகும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் 200 முறை உருட்டி எழுதி வையுங்கள். ஒவ்வொரு எண்ணும் சராசரியாகப் பத்து முறை வர வேண்டும். நான்கு முறை வந்தாலும் பதினாறு முறை வந்தாலும் பதற வேண்டாம், நல்ல பகடையும் அப்படித்தான் விழும். முப்பது முறை வந்தால் எனக்கு எழுதுங்கள்.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது எண்கள் சிதறியிருக்கின்றனவா என்பது. மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டாட்டத்தில் உயிர்க்கணக்கு வைக்கத் தரும் டி20-இல் 20, 19, 18 எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். அதை உருட்டவே உருட்டாதீர்கள், சிறு கோணலும் பெரிய எண்களுக்கோ சின்ன எண்களுக்கோ மொத்தமாகச் சாய்ந்துவிடும். அப்புறம், பிளஸ் ஒன் ஆய்வகத்தில் பார்த்த வெர்னியர் காலிப்பர் கிடைத்தால் எதிரெதிர் முகங்களை அளந்து பாருங்கள். டி20-இல் பத்து ஜோடி. பத்தும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போதும்.

கூர்முனைப் பகடைதான் நியாயமானது என்பது கேம்சயின்ஸ் என்ற பகடை நிறுவனத்தை நடத்திய லூ சோக்கி பல காலம் சொல்லிவந்த வாதம். மெருகேற்ற டிரம்மில் போட்டு உருட்டும்போது பகடைகள் சமமாகத் தேய்வதில்லை என்பார். நியாயம்தான். ஆனால் அவருடைய பகடைகளில் அச்சிலிருந்து ஒடித்த இடத்தில் ஒரு சின்ன மேடு நிற்கும், அதை நாமே அரம் வைத்துத் தேய்க்க வேண்டும். அந்த வேலைக்கு எனக்குப் பொறுமை இல்லை. தூரத்திலிருந்து எண் தெரிகிற சாதாரண அக்ரிலிக் செட்டே போதும். பூ உள்ளே இருந்தால் எண் கண்ணுக்குத் தெரியாது, என் உண்மையான புகார் அதுதான்.

செட்டில் டி6, அதாவது ஆறு முகப் பகடை, ஒன்றுதான் வரும். ஆட்டத்தில் ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் வீச எட்டு வேண்டும், அதைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.