நெடுந்தூர லாரி ஓட்டிக்கொண்டே உடம்பைக் காப்பாற்ற முடியுமா? தட்டைப் பார்ப்பதற்கு முன் தூக்கத்தைப் பாருங்கள்

முடியும். ஆனால் "வாயைக் கட்டு, தினமும் ஒரு மணி நேரம் நட" என்று பலரும் சொல்கிறார்களே, அந்த வழியில் மட்டும் முடியாது. நெடுந்தூரம் லாரி ஓட்டுகிறவர் நல்லதாகச் சாப்பிட்டு, எடை ஏறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தொழிலுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். பேண்ட் இடுப்பில் பிடிக்க ஆரம்பித்திருக்கும். வீட்டில் யாராவது "வயிறு போட்டுடுச்சே" என்று சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் மேல் கோபம் வேண்டாம். அதே நேரம், டிரைவர் என்றாலே தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பவன் என்று பேசுகிறவர்களை நம்பவும் வேண்டாம்.

நான் இந்த ஸ்டியரிங்கைப் பிடித்தே தலை நரைத்தவன். சாப்பாட்டு விஷயத்தில் எப்போதும் கவனமாகவே இருந்திருக்கிறேன். வேகவைத்த முட்டை, ஊறவைத்த பயறு, வெள்ளரி, பழம், தயிர் என்று வீட்டிலிருந்தே பெட்டி கட்டிக்கொண்டு போவேன். குளிர்பானம் தொடுவதில்லை. வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் நடப்பேன். அப்படியும் வயிறு முன்னால் வந்தது, ரத்த அழுத்தம் ஏறியது, காலையில் எழுந்தால் தலை பாரமாக இருந்தது. பெட்டியில் இருப்பதைச் சாப்பிட்டு முடித்த பிறகும் இனிப்பு எங்கே என்று மனம் தேடும். இதை எழுதினால் "ரகசியமாகத் தின்றிருப்பார்" என்று கீழே யாராவது கருத்துப் போடுவார்கள். போடட்டும்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது என்னோடு மாற்றி ஓட்டிய தம்பிதான். ஒருநாள் விடியற்காலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னை எழுப்பினான். "அண்ணே, ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தூங்கும்போது குறட்டை திடீர்னு நின்னுடுது. நின்னா மூச்சும் இல்ல. எனக்குப் பயமா இருக்குண்ணே" என்றான். நான் நம்ப மாட்டேன் என்று தெரிந்து போனில் பதிவும் செய்திருந்தான். கேட்டேன். லாரி எஞ்சின் சத்தத்தையும் மீறி என் குறட்டை. சட்டென்று அறுந்தது. அந்த இடைவெளியில் எஞ்சின் சத்தத்தோடு இண்டிகேட்டரின் டிக் டிக் மட்டும் கேட்கிறது, கேட்டுக்கொண்டே இருக்கிறது. பிறகு தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்கியவன் இழுப்பதுபோல ஒரு மூச்சு. மறுபடி குறட்டை. பதிவு முழுக்க இதுவேதான்.

மருத்துவர் எடை பார்ப்பதற்கு முன்பே ஒரு டேப்பை எடுத்து என் கழுத்தை அளந்தார். ஆண்களுக்குக் கழுத்துச் சுற்றளவு 17 அங்குலத்தைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும் என்றார். பிறகு விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டையோடு ஒரு ராத்திரி தூங்கச் சொன்னார்கள். முடிவில் வந்தது தூக்க மூச்சுத்தடை, ஆங்கிலத்தில் ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது, மூச்சு வருகிறது, மறுபடி அடைக்கிறது. பத்து வினாடிக்கு மேல் மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 5 தடவையைத் தொட்டால் கவனிக்க வேண்டும், 30 தொட்டால் தீவிரம். எழுந்தது நமக்கு நினைவே இருக்காது. ராத்திரி முழுக்கத் தூங்கினோம் என்றுதான் நினைப்போம், ஆனால் உடம்பு ராத்திரி முழுக்கப் போராடியிருக்கும்.

இதற்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தூக்கம் கெட்டவன் பசியைக் கட்டவே முடியாது என்பதுதான் சம்பந்தம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டர் குழுவினர் 1999இல் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் படுக்க வைத்தார்கள். அவ்வளவுதான், ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் திறன் சரிந்துவிட்டது. அதே குழு 2004இல் செய்த ஆய்வில், இரண்டே ராத்திரி தூக்கம் குறைந்ததில் 'போதும்' என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் இறங்கியது, 'இன்னும் வேண்டும்' என்று சொல்லும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் ஏறியது. அந்தப் பையன்களுக்கு அதிகமாகத் தேவைப்பட்டது இனிப்பும் உப்பும் மாவுப் பண்டமும்தான். சின்ன ஆய்வு, ஆட்கள் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு ராத்திரியில் நடந்ததை வருடக்கணக்கில் வாழ்கிறவர்கள் நாம். நம்மிடம் வந்து "மனக்கட்டுப்பாடு இல்லை" என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

எனக்கு சிபாப் என்னும் காற்று மெஷின் கொடுத்தார்கள். மூக்கில் மாட்டும் மாஸ்க் வழியாக லேசான அழுத்தத்தில் காற்றை அனுப்பித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். 1981இல் சிட்னியில் கோலின் சல்லிவன் என்ற மருத்துவர் கொண்டுவந்தது. லாரியில் ஓடுமா என்று பலர் கேட்கிறார்கள். ஓடும். 24 வோல்ட்டில் வேலை செய்யும் அடாப்டர் அந்தந்த மெஷினுக்கே கிடைக்கிறது. காற்றை ஈரமாக்கும் பகுதியை அணைத்துவிட்டால் பேட்டரி அதிகம் இழுக்காது. கேபின் தூசியில் ஃபில்டர் சீக்கிரம் கறுத்துவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். மாஸ்க்கைத் தினமும் கழுவ வேண்டும். ஆரம்பத்தில் முகத்தைப் பிடித்து அமுக்குவதுபோல இருக்கும், பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மாட்டிப் பழகினால் சரியாகிவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நான் மெஷின் விற்க வரவில்லை. சிபாப் எடையைக் குறைக்காது. சிலருக்குக் கொஞ்சம் கூடவும் செய்யும். எனக்கு அது கொடுத்தது, வண்டியை விட்டு இறங்கினால் நடக்கத் தெம்பும், பெட்டியில் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளும் மனமும். அதன் பிறகுதான் வெள்ளரிக்கும் பயறுக்கும் பலன் தெரிந்தது. எடை மெதுவாக இறங்கியது. காலைத் தலைபாரம் போய்விட்டது.

இதை நான் வேலை பார்த்த இடத்தில் மறைக்காமல் சொன்னேன். அதற்குக் கிடைத்த பதில், "இனிமே உனக்கு நைட் லோடு வேண்டாம்" என்பது. சிகிச்சை எடுப்பவனுக்கு லோடு இல்லை. அதே ஷெட்டில், பக்கத்தில் படுத்தவன் தூங்க முடியாத அளவு குறட்டை விட்டு, பகலில் கண் சொருகி ஓட்டுகிறவர்களுக்கு லோடு உண்டு. ஏனென்றால் அவர்கள் கையில் ரிப்போர்ட் இல்லை. இப்படி நடத்தினால் யார் பரிசோதனைக்குப் போவார்கள்? எனக்குத் தெரிந்தே பலர் இதற்குப் பயந்து போகாமல் இருக்கிறார்கள். மருத்துவரின் கடிதத்தோடும், மெஷினில் பதிவாகும் பயன்பாட்டுக் கணக்கோடும் மறுபடி போய் நின்றுதான் என் ராத்திரி ஓட்டத்தைத் திரும்ப வாங்கினேன்.

எல்லா டிரைவருக்கும் இந்த நோய் என்று சொல்லவில்லை. பலருக்குத் தொண்டை நன்றாகவே இருக்கும், தூங்க நேரம்தான் இருக்காது. லோடு இறக்கும் குடோன் வாசலில் அரை நாள் காக்க வைக்கிறார்களே, அந்த நேரத்தை ஓய்வு என்று கணக்கெழுதுகிறார்கள். எப்படி ஓய்வாகும்? வரிசை பத்தடி நகரும், நாம் நகர்த்தாவிட்டால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். கண்ணை மூட முடியாது. உள்ளே கழிவறை இருக்கும், ஆனால் டிரைவருக்கு அனுமதி இல்லை என்பார் காவலாளி. அதனால் நம் ஆட்கள் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீரகக் கல்லும் சிறுநீர்க் கடுப்பும் இந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வருவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பெண் ஓட்டுநர்கள் படும் பாடு இதைவிடக் கொடுமை. நம் கையால் ஏற்றி இறக்கிய சரக்கு உள்ளே போகலாம், நாம் போகக்கூடாதாம். கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரிகிறது. ஆனால் "தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்" என்று அறிவுரை எழுதுகிறவர்கள், அந்தத் தண்ணீரை எங்கே விடுவது என்றும் எழுத வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியது குறைவு. பெரிய சாப்பாட்டை நீண்ட ஓய்வை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம், எழுந்த பிறகு சாப்பிடுங்கள். பின்னிரவு இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தூக்கத்தைக் கேட்கும் நேரம், அப்போது வயிறு முட்டச் சாப்பிட்டால் சர்க்கரையும் ஏறும், கண்ணும் சொருகும். அந்த நேரத்துக்கு ஒரு முட்டையோ கைப்பிடி கடலையோ போதும். காபி குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதன் பாதி வீரியம் உடம்பில் இருக்கும், படுக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்துக் குடியுங்கள். கண் சொருகும்போது காபியால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் தூங்குங்கள்.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். லண்டன் மாடி பஸ்களில் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட உட்கார்ந்தே ஓட்டியவர்களுக்கு மாரடைப்பு அதிகம். ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே இடுப்பு பெருத்தவர்கள்தான் என்று அவர்களின் சீருடை அளவை வைத்து மாரிஸே பிறகு காட்டினார், அதனால் எல்லாப் பழியையும் இருக்கையின் மேல் போட முடியாது. இருந்தாலும் ஏறி இறங்குவது நல்லது என்பதில் சந்தேகமில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பத்துப் பத்து நிமிட வேக நடையாக உடைத்தாலும் கணக்கில் சேரும். நிறுத்தும்போதெல்லாம் டயர், கயிறு, தார்ப்பாய் பார்த்துக்கொண்டே வண்டியைச் சில சுற்று வேகமாகச் சுற்றுங்கள். கேபினிலிருந்து குதிக்காதீர்கள். பல மணி நேரம் அதிர்ந்த முதுகுத்தண்டு அந்த அடியைத் தாங்காது. வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் பிடிப்பில் இருக்க, படிப்படியாக இறங்குங்கள்.

கேபினில் தனியாகப் படுப்பவராக இருந்தால் இன்று ராத்திரியே போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுத் தூங்குங்கள். குறட்டை நடுவில் அறுந்து அறுந்து வந்தால், பகலில் ஓட்டும்போது கண் இழுத்தால், தள்ளிப்போடாமல் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். மருத்துவரிடம் "அசதியா இருக்கு" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார், அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். முடிவு வந்து சிகிச்சை தொடங்கும்வரை ராத்திரி ஓட்டத்தை எடுக்காதீர்கள், வருமானம் குறைந்தாலும் பரவாயில்லை.