'சூப்பர்' என்று சொன்னால் போதுமா?

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. நண்பர்களோடு சேர்ந்து இரண்டு நிமிட த்ரில்லர் படத் தொடக்கம் எடுத்தோம். இரவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் ஒரு பெண் மின்தூக்கிக்குக் காத்திருக்கிறாள், பின்னால் ஒரு நிழல் நகர்கிறது. 20 பேரிடம் காட்டியதில் 17 பேர் 'சூப்பர்' என்றார்கள், 3 பேர் புரியவில்லை என்றார்கள். பார்வையாளர் கருத்து பற்றிய அறிக்கையில் என்ன எழுதுவது?
- வாசகி, யீஷூன்

பதில்: முதலில் அந்த 3 பேரிடம் போய்ப் பேசுங்கள், தங்கச்சி. 'சூப்பர்' என்றவர்களில் எத்தனை பேர் உங்கள் தோழிகள், சித்தி, மாமா? உங்கள் முகத்தைப் பார்த்து அவர்கள் வேறென்ன சொல்வார்கள்!

மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாவிட்டால் வெடிக்கும்போது நொடிநேர அதிர்ச்சிதான், முன்பே தெரிந்துவிட்டால் அது வெடிக்கும்வரை பதற்றம் என்று த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியிருக்கிறார். உங்கள் நிழலும் அந்த வெடிகுண்டு மாதிரிதான், அதை அந்த 3 பேர் பார்த்தார்களா என்று கேளுங்கள். கைபேசியில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பார்த்திருந்தால் இருட்டில் நிழல் தெரிந்தே இருக்காது, அப்படியானால் கதையில் குறையில்லை, ஒளியமைப்பைத்தான் சரிசெய்ய வேண்டும்.

அப்புறம், 'பிடித்ததா?' என்று கேட்காதீர்கள். 'எந்த இடத்தில் பயம் வந்தது, அடுத்து என்ன நடக்கும்?' என்று கேளுங்கள். த்ரில்லர் அடிக்கடி பார்ப்பவர்களின் பதிலைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள். எந்தக் கருத்தால் எந்தக் காட்சியை மாற்றினீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.